கஷிவா இலை

கடைக்கார அம்மா இல்லை என்று சொல்லவில்லை. இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார்.

கியோத்தோவில் அதைவிடப் பெரிய ‘இல்லை’ கிடையாது.

செர்ரி இலை சுற்றிய இளஞ்சிவப்பு மோச்சி. ஒன்றே ஒன்று போதும் என்று மறுபடியும் கெஞ்சிப் பார்த்தான். பூ உதிர்ந்ததும் அந்த இனிப்பையும் நிறுத்திவிடுவார்களாம். யார் கேட்டாலும் செய்ய மாட்டார்களாம்.

ஜனவரியில் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

விவாகரத்துக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம். ஏப்ரலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. காய்ச்சலோடு யார் சண்டை போட முடியும்?

இப்போது மே.

கடைக்கார அம்மா வெள்ளை மோச்சியைக் காட்டினார். கஷிவா மரத்தின் இலை சுற்றியது. அந்த மரத்தில் புது இலை துளிர்க்கும்வரை பழையது உதிராதாம். குடும்பம் அறுந்துபோகாமல் இருக்கவேண்டும் என்று குழந்தைகள் தினத்துக்கு இதைத் தின்பார்களாம்.

அவனுக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. மூன்று வாங்கினான். மகளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான்.

ஆற்றங்கரை பெஞ்சில் மயூரி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. ஜனவரியில் அந்தக் கால்கள் தரைக்கு இவ்வளவு கிட்டத்தில் இல்லை.

அவள் அம்மா தள்ளிப்போய் நின்று கைபேசியைப் பார்த்தாள்.

அவன் இலையோடு சேர்த்துக் கடித்தான். செர்ரி இலையை அப்படித்தான் தின்பான்.

மயூரி விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த இலையைத் தின்னவே கூடாதாம். நேற்றுதான் வீட்டில் எல்லாரும் தின்றார்களாம்.

நார் பல்லில் சிக்கியது. அவனும் சிரித்தான். இந்தச் சிரிப்புக்காக மரத்தையே தின்னச் சொன்னாலும் தின்றிருப்பான்.

பெட்டியில் ஒன்று மிஞ்சியது.

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அவன்தான்.

“இத வீட்டுல இருக்கிற அப்பாவுக்கு எடுத்துட்டுப் போகவா?”

ஒரு பிழை இல்லை.

“நல்லா சொல்ற” என்றான்.

பெட்டியை மூடி நூலைக் கட்டினான். முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினான்.

இலைக் கதையை அவளிடம் சொல்லவில்லை.