பட்ஜெட் இல்லையா, சம்பளம் இல்லை!

"சம்பளம் நின்னாத்தான் உங்களுக்கெல்லாம் சுடும், இல்லையா டுவேன்?"

சட்டசபைத் தாழ்வாரத்தில் மார்லிஸ் போட்ட சத்தத்தில் காவலரே திரும்பிப் பார்த்தார். உறுப்பினர் டுவேன் கோசக் காப்பிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். அவளுடைய தொகுதிக்காரர்தான். போன தேர்தலில் அவளே ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள்.

ஜூலையில் வந்திருக்க வேண்டிய பட்ஜெட், செப்டம்பர் பிறந்தும் வரவில்லை. ஒரே ஒரு ஓட்டு குறைகிறது, முரண்டு பிடிப்பது டுவேன்தான் என்று டி.வி.யில் தினமும் சொன்னார்கள். பணம் வராததால் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பகல்நேர மையத்தைப் பூட்டிவிட்டார்கள். மார்லிஸின் மகன் கர்ட்டிஸ் வளர்ந்த ஆண்பிள்ளை. ஆனாலும் தினமும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, வராத வேனுக்காக வாசலில் நிற்கிறான். அவனைப் பார்த்துக்கொள்ள அவள் வேலையையே விட்டுவிட்டாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"மார்லிஸ், நான் எதுக்காக நிக்கிறேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்! உன் வீம்புக்கு என் பிள்ளையா பலி? பட்ஜெட் லேட்டானா உங்களுக்குச் சம்பளம் கிடையாதுன்னு சட்டம் வந்துச்சே, அதுக்குக் கடை கடையா ஏறி கையெழுத்து வாங்கினது யாரு? நான்! கொட்டுற பனியில!"

"தெரியும். என்கிட்டயும் வாங்கினீங்க. போட்டேனே."

"இப்ப வலிக்குதா?"

"வலிக்குது. வீட்டுக்கடன் கட்ட முடியல. நேத்து பேங்க்லேருந்து கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்படி வா வழிக்கு!"

ஓட்டெடுப்பு மணி அடித்தது. டுவேன் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கைதட்டல். பட்ஜெட் நிறைவேறிவிட்டது! மார்லிஸ் அழுதே விட்டாள்.

முதலில் வெளியே வந்தவர், ஊருக்கு ஊர் கார் ஷோரூம் வைத்திருக்கும் உறுப்பினர் கிரேடி. "நல்ல சட்டம்மா அது! எனக்குச் சம்பளம் வந்தா என்ன, வராட்டி என்ன? டுவேன் இடத்துல நானா இருந்தா கிறிஸ்துமஸ் வரைக்கும் இழுத்திருப்பேன். பாவம், டுவேனுக்கு அது ஒண்ணுதானே வருமானம்" என்று சிரித்துக்கொண்டே நடந்தார்.

டுவேன் கடைசியாக வந்தார். மார்லிஸ் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே. மையத்தைத் திங்கக்கிழமையே திறந்துடுவாங்களா?"

டுவேன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இனிமே திறக்க மாட்டாங்க மார்லிஸ். அந்த மையங்களை மூடுற பட்ஜெட்டுங்கிறதாலதான், நான் இத்தனை நாளா ஓட்டுப் போடாம இருந்தேன்."