இரண்டாவது படி

"அவங்க வந்தா பாத்ரூம் கதவைத் திறக்கவே திறக்காதீங்க. கேட்டா, தண்ணி வரலைன்னு சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு அவள் மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. கையில் துடைப்பம் இருந்ததே தவிர, பெருக்கியபாடில்லை.

"பாத்ரூமைப் பார்க்கத்தானே வர்றாங்க," என்றார் கணவர், கடைசி ஸ்க்ரூவைத் திருகியபடி.

தத்துக் கொடுக்கும் இல்லத்து அதிகாரி போன மாதம் வந்தபோது எல்லா அறைகளையும் பார்த்துத் தலையாட்டியவர், குளியலறையில் மட்டும் நின்றுவிட்டார். "தரை வழுக்குது, பேசின் எட்டாது. நாலு வயசுக் குழந்தை எப்படிம்மா பல் தேய்க்கும்? சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க." கூப்பிட்டாயிற்று. பதினோரு மணிக்கு வருகிறார். ஏழு வருடக் காத்திருப்புக்கு இன்று பதில் தெரிந்துவிடும்.

தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டாகிவிட்டது. பேசினுக்கு அடியில் ஓர் அலமாரியும், அதிலிருந்து இழுத்தால் வருகிற மாதிரி குழந்தை ஏறி நிற்க ஒரு மரப்படியும் வேண்டும். தச்சர் இரண்டு மாதம் கேட்டார். "கோட்டு தைக்கிறவனுக்கு அலமாரி ஒரு வித்தையா?" என்று இவரே களத்தில் இறங்கிவிட்டார்.

தெருவே இவரை டெய்லர் என்றுதான் கூப்பிடும். டெய்லர் செய்தால் அலமாரி எப்படி வரும்? பிளைவுட்டில் சாக்கட்டியால் கோடு போட்டார். தையலுக்குத் துணி விடுவதுபோல ஓரத்தில் அரை அங்குலம் விட்டு அறுத்தார். கதவுகள் மூட மாட்டோம் என்று அடம்பிடிக்க, இழைத்து இழைத்தே ஒரு வாரம் போயிற்று.

அதையாவது மன்னிக்கலாம். சட்டைக்குக் கை இரண்டு, முன்பக்கம் இரண்டு என்று முப்பது வருடம் வெட்டிய கை, படிக்கான மேல்பலகையையும் ஜோடியாகவே வெட்டிவிட்டது. மிஞ்சியதை வீச மனம் வருமா? கிடைத்த துண்டுகளைப் பக்கவாட்டில் அடித்து, அலமாரியின் இன்னொரு பக்கத்தில் இரண்டாவது படியும் செய்து வைத்துவிட்டார். முதல் படி ஆறு அங்குலம். இது பதினோரு அங்குலம்.

"இதுல ஏறி நின்னா பேசின் குழந்தை இடுப்புக்குக் கீழ போயிடும். குப்புற விழுவா. இது ஒண்ணு போதும், அந்தம்மா நம்ம பேரை அடிச்சிடுவாங்க. கழட்டித் தொலைங்களேன்."

"கழட்டினா அந்த இடம் பொக்கை வாய் மாதிரி தெரியும். மூட என்கிட்ட பலகை இல்ல."

அவளுக்கு அழுகை முட்டியது. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஃபோட்டோவின் முன்னால் போய் நின்றாள். அதிகாரி கொடுத்தது. சிரிக்காத முகம், பெரிய கண்கள். ஓரத்தில் யாருடையதோ ஐந்து குட்டி விரல்கள் அந்தக் குழந்தையின் கவுனைப் பிடித்திருந்தன. அதற்குமேல் படம் வெட்டப்பட்டிருந்தது. பார்த்துப் பார்த்து அந்த விரல்கள்கூட அவளுக்கு மனப்பாடம்.

அழைப்பு மணி அடித்தது.

அதிகாரி உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரையும் குடிக்கவில்லை. ஃபைலைத் திறந்தார், எதையோ சொல்ல வாயெடுத்தார், மூடிவிட்டார். "பாத்ரூமைப் பார்த்துடலாமா?"

"இன்னிக்குத் தண்ணி..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"நல்லா வருது மேடம், வாங்க," என்றார் டெய்லர். பொய் சொல்ல ஒரு முகவெட்டு வேண்டும், அது அவருக்கு வாய்க்கவில்லை.

அதிகாரி அலமாரியின் விளிம்பெல்லாம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். முதல் படியை இழுத்து, காலால் அழுத்திப் பார்த்து ஏதோ எழுதினார். பிறகு இரண்டாவது படியை இழுத்தார். பேனா நின்றுவிட்டது.

"இது யாருக்கு?"

அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அது தப்பு மேடம். இவருக்கு எதை வெட்டினாலும் ஜோடியா வெட்டற கை. நாங்க கேட்டது ஒரு குழந்தைதான், அது எங்களுக்குத் தெரியாதா? நாளைக்கே எடுத்துடறோம். இதை வெச்சு மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க." கடைசி வார்த்தை பாதியில் உடைந்தது.

அதிகாரி டெய்லரின் கழுத்தில் தொங்கிய டேப்பை வாங்கி, குனிந்து, படியைத் தானே அளந்தார். பதினொன்று. ஒரு தடவை அளந்தது போதாதென்று இன்னொரு தடவையும் அளந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்," என்றார் நிமிராமலே. "இதுக்கு முன்னாடி மூணு வீட்ல கேட்டேன். மூணு பேரும் முடியாதுன்னுட்டாங்க. இங்க எப்படிக் கேக்கறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

ஃபைலுக்குள்ளிருந்து ஒரு ஃபோட்டோவை எடுத்துப் பேசின் மேடையில் வைத்தார். அதே ஃபோட்டோ. ஓரம் வெட்டப்படாதது.

"அந்தப் படியை எடுக்காதீங்கம்மா. தங்கச்சிக்கு உயரம் சரியா இருக்கும்."