ஆறு மணிக்கு அடிக்கும் பெல்

வீட்டில் இருக்க நேரம் வேண்டுமென்று அவன் வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் மாலை ஐந்தே முக்காலுக்கு ஆபீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு, காலி டிபன் பையை எடுத்தான்.

"நீங்க வேலைய விட்டாலும் வேலை உங்கள விடல" என்றாள் மனைவி.

அவன் பின்வாசல் வழியே இறங்கி, தெருவைச் சுற்றி வந்து, முன்வாசல் பெல்லை அடித்தான்.

கதவைத் திறந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "வந்துட்டியாப்பா? பஸ்ல கூட்டமா?"

"ஆமாம்மா."

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"காலையிலேருந்து யாரோ ஒருத்தர் என் பக்கத்துலயே உக்காந்திருந்தார்ப்பா. சாப்பாடு ஊட்டி விட்டார், தலை வாரி விட்டார். நல்ல மனுஷன். பாவம், வீட்டுல அவரைத் தேட அம்மா இல்ல போலிருக்கு."