பல்பொடி

காலையில் பல் தேய்த்தால் போதும், எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பிரஷே சொல்லிவிடும். இல்லையென்றால் பச்சை விளக்கு, இருந்தால் சிவப்பு.

ஆறு மாதம் ஓசூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து பரிதி பிரஷைத் தொடுவதில்லை. விரலில் பல்பொடிதான். "பிரஷ் ஈறைக் குத்துது" என்று மனைவி வசுமதியிடம் சொல்லியிருந்தான். அவன் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அவள் பல் தேய்ப்பாள்.

பொடி தீர்ந்த அன்று, டப்பாவைத் தட்டிக்கொண்டே, "இன்னைக்கு ஒரு டப்பா வாங்கி வச்சிடு" என்றான்.

வசுமதி அவனுடைய காய்ந்த பிரஷை எடுத்து நீட்டினாள்.

"எனக்குப் போன மாசமே சிவப்பு எரிஞ்சிடுச்சு. மாத்திரை போட்டுட்டிருக்கேன். நீங்க தேய்ச்சாத்தான் ஆஸ்பத்திரியில உங்களுக்கும் குடுப்பாங்க."