வலப்பக்கம் நான்காவது ஆள்

"உள்ளே நாலு அடி, வெளியே நாலு அடி" என்று சொல்லி முடிப்பதற்குள் ரோனா அவனைப் பார்த்துவிட்டாள்.

நடன வகுப்பின் வட்டத்தில், அவளுக்கு வலப்பக்கம் நான்காவது ஆள்.

நரைக்கத் தொடங்கிய செம்பட்டை முடி. சற்றே சரிந்த இடது தோள். நீல்.

அவன் உள்ளே வந்தபோது அவள் கவனிக்கவில்லை. தாமதமாக வந்த யாரோ ஒருவரைத் தபால் நிலையத்து ஜெஸ்ஸி வாசலிலேயே மடக்கி இழுத்துவந்து தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அதுவரை அவளுக்கு ஜோடியாக இருந்த கறிக்கடை மேக்னஸ் தனியாகிவிட்டார்.

"டீச்சர், ஒரு பொண்ணு குறையுது. நீங்க வரலைன்னா நான் நாற்காலியோடதான் ஆடணும்."

ரோனா சிரித்துக்கொண்டே வட்டத்துக்குள் வந்து மேக்னஸின் கையைப் பிடித்தாள். அக்கார்டியன் இசை தொடங்கியது. அதற்குப் பிறகுதான் தலையைத் திருப்பினாள்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆண்கள் தங்கள் இடப்பக்கத்துப் பெண்ணுக்கு மாறவேண்டும். பத்து நிமிடத்துக்கு முன்பு அவளே சொல்லிக்கொடுத்த விதி. ஒரு சுற்றுக்கு அரை நிமிடம்.

நான்கு சுற்று. இரண்டு நிமிடம்.

கிளாஸ்கோவிலிருந்து ஒரே ஒரு பையோடு கிளம்பி, நாட்டின் வடகோடியில் இருக்கும் இந்த விக் நகரத்துக்கு அவள் வந்து நான்கு வருடம் ஆகிறது. பெயரை மாற்றிக்கொண்டாள். முடியை வெட்டிக்கொண்டாள். அவன் ஒடித்த மணிக்கட்டு மழை நாட்களில் மட்டும் வலிக்கும்.

"பெண்கள் உள்ளே. கை தட்டுங்க. வெளியே."

தன் குரல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியது. குரலைத் தாழ்த்தினாள்.

"கேக்கல டீச்சர்" என்றார் மேக்னஸ். "வலது காலா, இடது காலா? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

மேக்னஸ் அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். வலப்பக்கத்திலிருந்து புதிய கை வந்து அவள் கையைப் பிடித்தது. யாருடையது என்று அவள் பார்க்கவில்லை.

அவன் இப்போது மூன்றாவது ஆள்.

ஆட்டத்தை நிறுத்திவிடலாம். அக்கார்டியன்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினால் போதும். ஆனால் நிறுத்தினால் முப்பது பேரும் அவளைத்தான் பார்ப்பார்கள். அவனும் பார்ப்பான். கூடத்துக்கு ஒரே கதவு. அது அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஒருவேளை அவன் இன்னும் பார்க்கவில்லையோ?

பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஆள்.

"ஆண்கள் உள்ளே. திரும்புங்க. சுத்துங்க." வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் நடுவில் என்ன செய்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிப்பார்த்தாள். மணிக்கட்டை ஒடித்த அன்றும் வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தார்கள். அடுப்படியில், பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில், ஒரே ஒரு திருகு.

இப்போது அவன் அவளுக்கு வலப்பக்கத்திலேயே நின்றான். வட்டமாகக் கைகோத்தபோது அவள் விரல்கள் அவன் விரல்களில் இருந்தன. அவை ஈரமாக இருந்தன. அவளுடைய ஈரமா, அவனுடையதா என்று தெரியவில்லை.

"மாறுங்க" என்றாள்.

அவன் திரும்பி அவள் இரண்டு கைகளையும் பிடித்தான். முதல் அடியிலேயே அவள் பாதத்தை மிதித்தான்.

நீல் மிதிக்கமாட்டான். அவனைப்போல் ஆடுகிறவன் கிளாஸ்கோவிலேயே கிடையாது என்பார்கள்.

அவள் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். நீல் அல்ல. அதே நெற்றி, அதே தாடை. ஆனால் கண்கள் வேறு. அவையும் பயந்திருந்தன.

"எல்ஸ்பெத்" என்றார் அவர், மெதுவாக. நான்கு வருடமாக யாரும் கூப்பிடாத பெயர். "நான் அலிஸ்டர். நீலோட அண்ணன். உங்க கல்யாணத்துல ஒரே ஒரு தடவை பாத்திருக்கோம்."

சுற்றினார்கள். அவர் தாளம் தப்பித் தப்பி அடி வைத்தார்.

"நீல் போன மார்ச்ல செத்துட்டான். குடல்ல புத்துநோய். இதைப் போன்ல சொல்ல வேண்டாம்னு நேர்ல வந்தேன். வாசல்லயே இந்தம்மா புடிச்சு இழுத்துட்டாங்க." மூச்சு வாங்கியது அவருக்கு. "இனிமே நீ யாருக்கும் பயப்பட வேண்டாம்மா."

அவளுக்கு அடி தவறியது. அவர் பிடித்துக்கொண்டார். ஜெஸ்ஸி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து, டீச்சருக்கே தலை சுற்றுகிறது என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தாள். ரோனாவும் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. நான்கு வருடமாக அடக்கிவைத்திருந்த மூச்சை இப்போதுதான் விட்டாள்.

இசை நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் கையை விடுவதற்கு முன்னால் கேட்டாள்: "நான் இங்க இருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அலிஸ்டர் தரையைப் பார்த்தார்.

"அவன்தான் ஆஸ்பத்திரியில சொன்னான். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போ, கார் நிறுத்தற பக்கம் இருக்கிற ஜன்னல்கிட்ட நில்லு, கூடம் முழுக்கத் தெரியும்னு."

ரோனா ஜன்னலைப் பார்த்தாள். ஜூன் மாதம், வெளியே நல்ல வெயில். நான்கு கார்கள் நின்றன. யாரும் இல்லை.

குளிர்காலத்தில் இந்த ஊரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். உள்ளே விளக்கைப் போட்டால் அந்தக் கண்ணாடியில் வெளியே எதுவும் தெரியாது, ஆடுகிறவர்களின் பிம்பம்தான் தெரியும். அதைப் பார்த்து நிமிர்ந்து நிற்கச் சொல்லித்தான், மூன்று குளிர்காலமாக, முதல் வகுப்பில் எல்லோரையும் அவள் அந்த ஜன்னலுக்கு முன்னால் நிறுத்திவைத்தாள். அவர்களுக்கு முன்னால், கண்ணாடியை ஒட்டி, அவள் நிற்பாள்.