உள்ளே போன கேமரா

பெனிட்டாவின் வயிற்றைக் கிழிக்கவில்லை. மூன்று சின்னத் துளைகள்தான். தொப்புள் வழியாகக் கேமராவை விட்டு, உள்ளே பிய்ந்திருந்த குடலைத் தைத்திருந்தார் டாக்டரம்மா. சைக்கிளிலிருந்து விழுந்தபோது ஹேண்டில்பார் குத்திவிட்டது என்று அப்பா வார்டில் கேட்டவர்களிடம் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். பெனிட்டாவின் ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கை அப்பாவின் கைக்குள் இருந்தது. அவள் குளியலறைக்குப் போகும்போதுகூட அவர் அதை விடவில்லை. ஆபரேஷன் வீடியோவை நோயாளியின் வீட்டாருக்குப் போட்டுக் காட்டுவது டாக்டரம்மாவின் வழக்கம். கட்டிலின் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தார். திரை முழுக்கச் சிவப்பாக, ஈரமாக ஏதோ அசைந்தது.

“இது என் வயிறா?”

“உன்னோடதுதான் கண்ணு.”

“உள்ள இருக்கறது எல்லாமே தெரிஞ்சிருமா?”

“எல்லாமே தெரிஞ்சிரும். எங்ககிட்ட எதையும் ஒளிக்க முடியாது” என்று டாக்டரம்மா சிரித்தார்.

பெனிட்டா திரையைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நான் சொல்லலப்பா. சத்தியமா சொல்லல. அவங்களாத்தான் பாத்துட்டாங்க.”