செத்தவர் பட்டியலில் சுதாகரன்

"என்ரை அண்ணையின்ரை பேரைச் செத்த ஆக்களோடை சேர்த்தது ஆர்?"

நிருஷன் போட்ட சத்தத்தில் அலுவலகம் முழுவதும் தட்டச்சு நின்றுபோனது. அவன்தான் முதலாளி. கையில் மடிக்கணினி. திரையில் ஒரு வரி: 'சுதாகரன் – இறந்தவர்.'

சுதாகரன் நிருஷனின் ஒரே அண்ணன். இறுதிப் போரில் காணாமல் போனவன். அவனுடைய படத்துக்கு மாலை போட இன்றுவரை விடாத தாய் அரியாலையில் இருக்கிறாள். இது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

"கேக்கிறனெல்லோ? வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே?"

"நான்தான் அண்ணை" என்று எழுந்தாள் ஆரணி.

அவளா! நேற்றுத்தான் எல்லோருக்கும் முன்னால் நிருஷனிடம் அவளுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. அதற்குப் பழிவாங்கியிருக்கிறாள். பழிவாங்குவதற்கும் ஒரு முறை இல்லையா? ஒரு தாய் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற பெயரிலா கை வைப்பது? பக்கத்து மேசை டினேஸ் அவளைப் பார்க்கவே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நேற்றைய ஏச்சும் இந்த வேலையைப் பற்றித்தான். வெளிநாட்டில் ஒரு கிரிப்டோ நாணய வலையமைப்பு. அதில் புதிய வசதி ஒன்று வரப்போகிறது. நாணயத்துக்குச் சொந்தக்காரர் நெடுநாள் மூச்சுக் காட்டாவிட்டால், அவரை இறந்தவராக எடுத்து, எல்லாவற்றையும் வாரிசுக்கு மாற்றிவிடும். அவர் பிறகு திரும்பி வந்தால் அழுத்த, 'நான் இருக்கிறேன்' என்று ஒரு பட்டனும் உண்டு. ஊருலகமே பாவிக்கிற வலையமைப்பில் எடுத்த எடுப்பில் கை வைக்கலாமா? அதனால் அச்சொட்டாக அதைப் போலவே ஒரு சோதனை வலையமைப்பு. அதில் இருக்கிற நாணயத்துக்கு ஒரு பிளேன்டீகூட வாங்க முடியாது. அதிலே சும்மா ஆட்களை உருவாக்கி, சாகவைத்து, எல்லாம் சரி என்று சோதனை வேலை எடுத்த இந்த அலுவலகத்தார் சொன்னால்தான் அசலில் வெளிவரும்.

எல்லோரும் சரி என்று எழுதினார்கள். ஆரணி மட்டும் பிழை என்று எழுதினாள். இன்று பின்னேரத்துக்குள் சரி என்று சொல்லாவிட்டால் வேலையே வேறு கம்பனிக்குப் போய்விடும். அப்படி என்னதான் பிழை என்று பார்க்கத் திறந்தபோதுதான் அந்தப் பெயர் நிருஷனின் கண்ணில் பட்டது.

"உமக்குக் கோவம் எண்டால் எனக்கு ஏசும். இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாத மனுசனை என்னத்துக்கு இழுத்தனீர்?"

"இழுக்கேல்லை. சோதிச்சனான்."

"சோதிக்க வேறை பேர் கிடைக்கேல்லையோ? டேய் டினேஸ், நீ ஆற்றை பேர் போட்டனி?"

"அப்பப்பாவின்ரை. கந்தப்பு எண்டு."

"தக்சாயினி?"

"மோசம் போன பெரியம்மாவின்ரை."

"பாத்தீரே? எல்லாரும் செத்த ஆக்களின்ரை பேர்தான் போட்டிருக்கினம். அவையளுக்கு மனிசத்தன்மை இருக்கு!"

"அதுதான் பிழையே!" ஆரணியும் கத்தினாள். அவளுக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "உயிரோடை இருக்கிற ஆளுக்குப் பக்கத்திலை 'இறந்தவர்' எண்டு வந்தால் அபசகுனமாம். அதாலை எல்லாரும் செத்த ஆக்களாப் பாத்துப் பிடிச்சுப் போட்டினம். செத்த அப்பப்பா வந்து, நான் இருக்கிறன் எண்டு பட்டனை அமத்துவாரே? ஒருத்தரும் அந்தப் பட்டனை அமத்திப் பாக்கேல்லை. எல்லாம் சரியாம், சரி!"

டினேஸ் தலையைக் குனிந்தான். கணினியில் பட்டம் வாங்கினவன்தான். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் பட்டம் என்ன செய்யும்?

"நினைவில்லாமல் கிடந்த ஆள் எழும்பி வரலாம். மறியலிலை இருந்த ஆள் வெளியிலை வரலாம். அப்பிடித் திரும்பி வாற ஆள் ஒராள் எனக்கு வேணும்."

"அதுக்கு என்ரை அண்ணையோ?"

"வாணி விழாவுக்கு உங்கடை அம்மா வந்தவ. உந்த மூலைக் கதிரையைக் காட்டி, மூத்தவன் வந்தால் உதிலைதான் இருந்து வேலை செய்வான் எண்டவ. திரும்பி வாறவர் எண்டால் எனக்கு வேறை பேர் வரேல்லை. நான் அவரைச் சாகக் குடுக்கேல்லை அண்ணை. திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தனான். அவருக்காக நான்தான் அந்தப் பட்டனை அமத்தினனான்."

நிருஷன் மடிக்கணினியை மேசையில் வைத்தான். குரல் இறங்கியிருந்தது.

"என்ன நடந்தது?"

"இறந்தவர், ஏற்க முடியாது எண்டு வந்தது. திரும்பத் திரும்ப அமத்தினன். அதேதான்."

"அழிச்சுப்போட்டு மாத்தி எழுத ஏலாதோ?"

"ஒருக்காப் பதிஞ்சால் பதிஞ்சதுதான். ஆராலையும் ஏலாது. இது சோதனை, காரியமில்லை. அசலிலை எண்டால் ஒரு மனுசன் வாசல்லை நிண்டு, நான் இருக்கிறன், நான் இருக்கிறன் எண்டு கத்துவான். கூடப் பிறந்ததுகள் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்குங்கள். உதைச் சரி எண்டு என்னாலை எழுத ஏலாது. வேலையாலை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ!"

நிருஷன் மடிக்கணினியைத் திரும்ப இழுத்தான். 'பிழை இருக்கிறது, வெளியிட வேண்டாம்' என்று வெளிநாட்டுக்கு அனுப்பினான். வேலை போனால் போகட்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். கெட்டிக்காரி என்று இப்போது எல்லோரும் ஆரணியைப் பார்த்தார்கள்.

அவன் போனை எடுத்து அரியாலைக் கிராம சேவகரை அழைத்தான். சுற்றிவர ஆட்கள் நிற்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

"விதானையார், அண்ணையின்ரை காணியை என்ரை பேருக்கு மாத்த, அண்ணை செத்திட்டார் எண்டு அம்மாவுக்குத் தெரியாமல் கையெழுத்து வைச்சுத் தந்தனான் எல்லே... அதை இன்னும் பதியக் குடுக்கேல்லைத்தானே?"